காணாமற்போன லினக்ஸ்

2002-ஆம் ஆண்டில் அரியலூர் மாவட்டம் காணாமற்போயிற்று என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் அது நடந்ததுதான். 1995-இல் பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அடுத்த ஆண்டே அது மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. பின்னர் 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாக உருப்பெற்றது.

இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மாவட்டப் பட்டியலில் அரியலூரின் பெயர் இல்லை. அதனால் அரியலூர் எங்காவது போய்விட்டதா? ரயில் நிலையம் இருந்த இடத்திலேயே இருந்தது. சுண்ணாம்புக்கல் பூமியும் சிமெண்ட் ஆலைகளும் அங்கேயே இருந்தன. மக்கள் தத்தம் வீட்டில் இருந்தார்கள். மாறியது ஏட்டில் எழுதியிருந்த பெயர் மட்டுமே!

கணிப்பொறியைப் பற்றிய கட்டுரையில் மாவட்டக் கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ஒரே கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயக்க அமைப்புகளை வைத்திருப்போர் பலர். ஒருநாள் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மறுநாள் கணிப்பொறியைத் திறந்தால் லினக்ஸ் இல்லை. தேர்ந்தெடுக்கும் பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது. "போச்சு, எல்லாம் அழிந்துவிட்டது" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் எதுவும் அழியவில்லை. 2002-இல் அரியலூருக்கு நேர்ந்ததே லினக்ஸுக்கும் நேர்ந்திருக்கிறது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு நேர்ந்தது

என் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியைத்தான் நான் பயன்படுத்துகிறேன். முதலாம் ஆண்டில் மூத்த மாணவர் ஒருவர் அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸை நிறுவிக் கொடுத்தார். செய்முறை வகுப்பின் நிரல்கள் அனைத்தையும் அதில்தான் வைத்திருந்தேன். நண்பர்கள் நால்வர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் அலைந்து எடுத்த புதைபடிவ ஒளிப்படங்களும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது புதுப்பிப்பு வந்தது, லினக்ஸ் மறைந்தது. பெரம்பலூரில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன்.

"லினக்ஸ் போயிடுச்சு தம்பி. ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் மட்டும் போட்டுத் தர்றேன். ஐந்நூறு ரூபா ஆகும்."

"உள்ள இருக்கிறதெல்லாம், அண்ணே?"

"போனது போனதுதான்."

என் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. இதைப் பற்றிக் கேட்க வீட்டில் ஆளில்லை. கையில் ஐந்நூறு ரூபாயும் இல்லை. அந்த இல்லாமைதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். பணம் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன், எல்லாம் அழிந்திருக்கும். மறுநாள் பேருந்தேறி அரியலூரில் இருந்த அந்த மூத்த மாணவரிடம் போனேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. மடிக்கணினியை அணைத்தார், திறக்கும்போதே ஒரு விசையைத் தட்டினார். சிறு பட்டியல் ஒன்று வந்தது. அதில் 'உபுண்டு' என்ற பெயர் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தார். என் லினக்ஸ் வந்துவிட்டது! ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் தட்டிய விசை எது? அது ஏன் வேலை செய்தது? இனி அதைக் காண்போம்.

இது நம் எல்லார்க்கும் உரிய செய்தி

இரட்டை இயக்க அமைப்பு ஏதோ ஆர்வக்காரர் சிலரின் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. பாஸ் என்பது நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டு மொழிகளுக்கென உருவாக்கியது. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. ஆகவே பட்டியலே வராத மடிக்கணினியை வைத்திருக்கும் தோழர், தம்மிடம் லினக்ஸ் இருப்பதையே அறியாமல் இருக்கக்கூடும்.

லினக்ஸின் கருவை உருவாக்கி 1991-இல் உலகுக்கு அறிவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். நம் வயதுக்காரர் தொடங்கி வைத்த அமைப்பை நாம் தொலைத்துவிட்டு நிற்கலாமா?

கணிப்பொறி விழித்தெழுவது எப்படி?

கணிப்பொறியின் வன்தட்டை ஒரு நிலப்பரப்பாக எண்ணிக்கொள்வோம். அதை வரப்பிட்டுப் பல பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் விண்டோஸ் குடியிருக்கிறது, வேறொன்றில் லினக்ஸ். இவற்றைத் தவிரச் சிறு பிரிவு ஒன்று உண்டு. அதற்கு 'ஈ.எஃப்.ஐ. பிரிவு' என்று பெயர். பல மடிக்கணினிகளில் அதன் அளவு வெறும் 100 மெகாபைட்டுதான். ஆனால் ஒவ்வோர் இயக்க அமைப்பையும் எழுப்பிவிடும் சிறு நிரல் அதற்குள்தான் இருக்கிறது. விண்டோஸுக்கு ஓர் உறை. உபுண்டுவுக்கு ஓர் உறை.

மின்விசையை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையின் சில்லுக்குள் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் சிறு நிரல் இருக்கிறது. அதுவே முதலில் விழிக்கிறது. பழைய கணிப்பொறிகளில் இந்த இடத்தில் இருந்தது பயாஸ். யூ.ஈ.எஃப்.ஐ. தன்னிடம் ஓர் ஏடு வைத்திருக்கிறது. முதலில் யாரை எழுப்புவது, அவர் இல்லையென்றால் அடுத்து யாரை என்ற வரிசை அதில் எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் அந்த ஏடு உள்ளது.

லினக்ஸை நிறுவும்போது அந்த ஏட்டின் முதல் வரியில் 'கிரப்' என்னும் நிரலின் பெயர் எழுதப்படுகிறது. கிரப் என்பது பெரம்பலூர் நான்கு ரோட்டில் நிற்கும் கைகாட்டி மரம் போன்றது. "இப்படிப் போனால் லினக்ஸ், அப்படிப் போனால் விண்டோஸ்" என்று காட்டிவிட்டு, சில நொடிகள் நம் விருப்பத்துக்குக் காத்திருக்கும்.

விண்டோஸ் பெரிய புதுப்பிப்பு ஒன்றைச் செய்யும்போது தன் தொடக்க நிரலை மீண்டும் எழுதுகிறது. சில கணிப்பொறிகளில் அதோடு நில்லாமல், ஏட்டின் முதல் வரியில் தன் பெயரையும் எழுதிவிடுகிறது. அவ்வளவுதான், கைகாட்டி மரத்தின் பக்கம் போகாமலே வண்டி நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. கைகாட்டியைக் காணவில்லை என்பதற்காக ஊரே இல்லை என்று முடிவு கட்டலாமா?

2011-ஆம் ஆண்டளவில் வந்த பழைய மடிக்கணினிகளில் நிலைமை வேறு. பயாஸ் முறையில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளே விழிப்பூட்டும் இடம். அதிலும் 446 பைட்டுகள்தாம் நிரலுக்கு உரியவை. அது ஒரே ஒரு நாற்காலி போன்றது; கடைசியாக யார் உட்கார்ந்தாரோ அவருக்கே இடம். அக்கணிப்பொறிகளில் விண்டோஸை மறுபடி நிறுவினால், கிரப்பின் நாற்காலி பறிபோகும். ஆயினும் அங்கும் லினக்ஸ் பிரிவு தன் இடத்திலேயே இருக்கும்.

முதலில் நோயை அறிவோம்

மருந்து கொடுக்கும் முன் நோயை அறிய வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். வன்தட்டின் பிரிவுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். சி, டி போன்ற எழுத்து எதுவும் இல்லாமல், பல கிகாபைட் அளவில் ஒரு கட்டம் இருந்தால் அநேகமாக அதுவே நம் லினக்ஸ். லினக்ஸ் பெரும்பாலும் கையாளும் 'எக்ஸ்ட்-4' என்னும் கோப்பு முறையை விண்டோஸால் நேரடியாகப் படிக்க இயலாது. அதனால்தான் பெயர் சொல்லத் தெரியாமல் வெறுமனே காட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கட்டத்துக்கு எழுத்து ஒன்றைக் கொடுத்துத் திறக்க முயன்றால், "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். தப்பித் தவறியும் 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள். அதுவரை காணாமல் மட்டுமே போயிருந்தது, அந்த ஒரு சொடுக்கில் உண்மையாகவே போய்விடும்.

கட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இனி நிலைகள் மூன்று.

முதல் நிலை: வரிசை மாறியது

எனக்கு நேர்ந்தது இதுதான். மிக எளியது. கணிப்பொறியை முழுதும் அணைத்து, திறந்தவுடன் தொடக்கப் பட்டியலுக்குரிய விசையைத் தட்ட வேண்டும். லெனோவோ, டெல் மடிக்கணினிகளில் பெரும்பாலும் எஃப்-12, எச்.பி.யில் எஃப்-9. ஏசரிலும் எஃப்-12 தான். ஆனால் சிலவற்றில் முதலில் எஃப்-2 தட்டி அமைப்புக்குள் சென்று, அந்த விசைக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் உபுண்டு, டெபியன் போன்ற பெயர் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். விசை பிடிபடவில்லையென்றால் விண்டோஸின் அமைப்புகளில் 'ரெக்கவரி' பகுதிக்குச் சென்று, 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப்' வழியாகவும் இதே பட்டியலை அடையலாம்.

இது அன்றைய பொழுதுக்கான வழி. நிலையாகத் திருத்த வேண்டுமானால், எஃப்-2 போன்ற விசையால் யூ.ஈ.எஃப்.ஐ. அமைப்புக்குள் சென்று, தொடக்க வரிசையில் லினக்ஸின் பெயரை மேலே ஏற்ற வேண்டும். லினக்ஸுக்குள் இருந்தபடியே ஏட்டைத் திருத்தவும் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'ஈ.எஃப்.ஐ. பூட்' என்று தொடங்கி எம், ஜி, ஆர் என்ற மூன்றெழுத்தில் முடியும். மேனேஜர் என்பதன் சுருக்கமே அது. நம் ஊர்க்காரர் எவரும் அந்த மூன்றெழுத்தை மறக்கமாட்டார் என்பதால் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை! அக்கட்டளையை இட்டால் ஏட்டில் உள்ள பெயர்களும் அவற்றின் எண்களும் வரிசையும் தெரியும். லினக்ஸின் எண்ணை முன்னால் வைத்து வரிசையைத் திரும்ப எழுதிவிடலாம்.

இரண்டாம் நிலை: பெயரே நீங்கியது

சில வேளைகளில் ஏட்டிலிருந்து லினக்ஸின் பெயர் அடியோடு நீங்கியிருக்கும். அல்லது பிரிவுகளின் அமைப்பு மாறியதால், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொற்களோடு கணிப்பொறி நின்றுவிடும். அப்போது வெளியிலிருந்து உதவி தேவை. அந்த உதவி ஒரு பென்டிரைவ். வேறொரு கணிப்பொறியில் லினக்ஸை இறக்கி, 'ரூஃபஸ்' போன்ற கருவியால் 8 கிகாபைட் பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம். அதைச் செருகி, முன்சொன்ன தொடக்கப் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே யூ.ஈ.எஃப்.ஐ. என்ற முன்னொட்டோடு ஒரு வரியும் இல்லாமல் ஒரு வரியும் தெரிந்தால், முன்னொட்டு உள்ளதையே தேர்ந்தெடுங்கள். பின்னர் 'நிறுவு' என்பதை விட்டு, 'நிறுவாமல் முயன்று பார்' என்பதை அழுத்துங்கள்.

இப்போது பென்டிரைவிலிருந்தே முழு லினக்ஸ் இயங்கும். கோப்பு மேலாளரைத் திறந்தால் நம் பழைய பிரிவும் கண்ணுக்குத் தெரியும். அதைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பழுதுபார்ப்பது அன்று. முக்கியமான கோப்புகளை இன்னொரு பென்டிரைவுக்கு நகலெடுப்பதே முதல் வேலை. முதலில் நகல், பிறகு மருத்துவம்.

அதன்பின் மருத்துவம் மூன்று படிகளில் நடக்கும். முதலாவது, பழைய லினக்ஸ் பிரிவையும் ஈ.எஃப்.ஐ. பிரிவையும் பென்டிரைவு லினக்ஸோடு இணைப்பது; இதற்கு 'மவுண்ட்' என்பது கட்டளை. இரண்டாவது, 'சி.எச்.ரூட்' என்னும் கட்டளையால் பழைய லினக்ஸுக்குள் புகுவது. பூட்டிய வீட்டின் சன்னல் வழியே உள்ளே இறங்குவது போன்றது இது. மூன்றாவது, உள்ளிருந்தபடியே 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையால் கைகாட்டியை நட்டு, 'அப்டேட்-கிரப்' கட்டளையால் அதில் ஊர்ப் பெயர்களை எழுதுவது. கட்டளைகளின் ஒலிப்பை மட்டுமே இங்குத் தந்திருக்கிறேன். கணிப்பொறியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். இவ்வளவும் கடினமாகத் தோன்றினால், 'பூட்-ரிப்பேர்' என்னும் இலவசக் கருவி ஒரே சொடுக்கில் இந்தப் படிகளைச் செய்துவிடும்.

மூன்றாம் நிலை: வாயிற்காவலன் மறுத்தது

2024 ஆகஸ்டு 13 அன்று உலகெங்கும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பை ஏற்ற பலருடைய கணிப்பொறிகளில் லினக்ஸ் திறக்க மறுத்தது. கைகாட்டி இருந்தது, ஊர் இருந்தது, வாயிற்காவலன் விடவில்லை.

அந்தக் காவலனுக்குச் 'செக்யூர் பூட்' என்று பெயர். பெயரில் இருப்பது பூட் என்றாலும் வேலையில் பூட்டுதான். கையொப்பம் சரியாக உள்ள தொடக்க நிரல்களை மட்டுமே அது உள்ளே விடும். கிரப்பின் பழைய பதிப்புகளில் பாதுகாப்புக் குறை ஒன்று 2022-இல் வெளிப்பட்டிருந்தது. அத்தகைய பழைய பதிப்புகளைத் தடுக்க, 'எஸ்பாட்' என்னும் விலக்குப் பட்டியலை மைக்ரோசாஃப்ட் அனுப்பியது. இரட்டை அமைப்பு உள்ள கணிப்பொறிகளுக்கு அது போகாது என்றுதான் எண்ணியிருந்தார்கள். ஆனால் சில கணிப்பொறிகளில் இரட்டை அமைப்பு இருப்பதை அந்தப் புதுப்பிப்பு கண்டுகொள்ளவில்லை. "பாதுகாப்புக் கொள்கை மீறல்" என்ற பொருளுடைய ஆங்கில வரியைக் காட்டிவிட்டு அவை நின்றுபோயின. 2025 மே மாதப் புதுப்பிப்பில் இச்சிக்கல் தீர்க்கப்பட்டது.

இத்தகைய செய்தி வந்தால், யூ.ஈ.எஃப்.ஐ. அமைப்புக்குள் சென்று செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸைத் திறந்து, அதை முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும். லினக்ஸின் தொடக்க நிரல்கள் புதிய பதிப்புக்கு வந்துவிட்டால் காவலன் தடுக்கமாட்டான். பிறகு செக்யூர் பூட்டை மறவாமல் திரும்ப இயக்கிவிட வேண்டும். காவலன் நம் நன்மைக்காகத்தான் நிற்கிறான்.

இங்கே மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் பிரிவு 'பிட்லாக்கர்' முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில் இல்லையென்றால், லினக்ஸைத் தேடப் போய் விண்டோஸைத் தொலைத்தவர் ஆவோம். ஆகவே அந்த எண்ணை முன்னதாகவே எடுத்து, கணிப்பொறிக்கு வெளியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபுறமும் உண்டு

விண்டோஸ் மட்டும்தான் குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. லினக்ஸைப் புதுப்பித்த பிறகு விண்டோஸ் காணாமற்போவதும் உண்டு. 2021-இல் வந்த கிரப்பின் 2.06 பதிப்பிலிருந்து, பிற இயக்க அமைப்புகளைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் 'ஓ.எஸ். புரோபர்' என்னும் பகுதி, பாதுகாப்புக் கருதி இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதற்கு அனுமதி கொடுத்து, 'அப்டேட்-கிரப்' கட்டளையை இட்டால் விண்டோஸ் மறுபடி பட்டியலில் ஏறும். இங்கும் நேர்ந்தது பெயர் விடுபட்டது மட்டுமே.

வருமுன் காப்போம்

இவ்வளவும் வந்தபின் செய்வன. வருமுன் செய்ய வேண்டியவை சிலவே. லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்றை ஒரு வகுப்புக்கு ஒன்றாவது வைத்துக்கொள்ளலாம். பிட்லாக்கர் எண்ணை எழுதி வைக்கலாம். தேர்வு நெருங்கும் வாரத்தில் புதுப்பிப்பைச் சில நாள் ஒத்திவைக்க விண்டோஸிலேயே வசதி உள்ளது. ஒத்திவைக்கலாமே தவிர ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்புகளுக்கு இன்னோர் இடத்தில் நகல் வேண்டும். எனக்கு அது இல்லாததால்தான் ஓர் இரவு தூங்காமல் கிடந்தேன்.

முடிவாக

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது முதியோர் வாக்கு. திரையில் லினக்ஸ் தெரியவில்லை என்பது கண் கண்டது. எல்லாம் போய்விட்டது என்பது கடையில் காது கேட்டது. இரண்டும் மெய்யன்று.

என் நிரல்கள் கிடைத்தன, தேர்வையும் எழுதினேன். காரையில் எடுத்த படங்களை அன்று மாலையே நால்வரும் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டோம். ஆனால் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, அழியாத ஒன்றை அழித்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நம்முள் எத்தனை பேரோ! விவரம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும் சிக்கல், கேட்க ஆளில்லாத வீட்டில் பேரிழப்பாக முடிகிறது. நம் கல்லூரியில் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஆதலால் ஒருவருக்கொருவர் நாமே கேட்கும் ஆளாக இருப்போம்.

உங்கள் நண்பரின் மடிக்கணினியில் லினக்ஸ் காணாமற்போனால், ஃபார்மட் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் முன் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அது எல்லா மருந்தும் பலிக்காதபோது கொடுக்கும் கடைசி மருந்து. முதலில் எஃப்-12 விசையைத் தட்டிப் பாருங்கள். அரியலூர் இருந்த இடத்திலேயே இருக்கும்.